வேலூரிலிருந்து கோஸ்டாரிகா கிளி மீட்பு மையத்துக்கு: தன்னார்வலராகப் போகிறவர்களுக்கான வழிகாட்டி

கூண்டு கழுவுவதற்காகக் கைக்காசைச் செலவழித்துக் கண்டம் தாண்டிப் போக வேண்டுமா என்று வீட்டில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு இங்கே பதில் இல்லை. போவதென்று முடிவெடுத்துவிட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

இந்த விஷயத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும் அவர்களுக்குள் எழுதிக்கொண்டவை. விசா அவர்களுக்குத் தேவையில்லை என்பதால், பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். காட்பாடியிலிருந்தோ குடியாத்தத்திலிருந்தோ கிளம்புகிற நமக்கு அந்த ஒரு வரிதான் முக்கால்வாசி வேலை. நாலு பேரைக் கேட்டு நாலு விதமான பதில் வாங்கி, அலைந்து தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தித் தருகிறேன். வரிசையை மாற்றாதீர்கள். முக்கியமாக, டிக்கெட்டை முன்னால் இழுக்காதீர்கள்.

கிளம்பும் தேதிக்குக் குறைந்தது ஆறு மாதம் முன்னால் ஆரம்பியுங்கள். பாஸ்போர்ட்டே இல்லாதவர்கள் இன்னும் கொஞ்சம் முன்னால்.

1. மையத்தைத் தேர்ந்தெடுப்பது

சிவப்புப் பஞ்சவர்ணக்கிளி, பெரிய பச்சைப் பஞ்சவர்ணக்கிளி இரண்டும் காட்டில் வாழும் மத்திய அமெரிக்க நாடு கோஸ்டாரிகா. இரண்டாவது இனம் 2020 முதல், உயிரினங்களின் அழிவு ஆபத்தைக் கணக்கிடும் உலகச் சிவப்புப் பட்டியலில் மிக மோசமான ஆபத்து நிலையில் இருக்கிறது. கடத்தலில் பிடிபட்டவை, வீட்டில் வளர்த்துக் கைவிடப்பட்டவை, அடிபட்டவை எல்லாம் மீட்பு மையங்களுக்கு வந்து சேர்கின்றன. பஞ்சவர்ணக்கிளி 50 வருஷத்துக்கு மேலும் வாழும். வளர்த்தவரே போய்ச் சேர்ந்த பிறகும் கிளி இருக்கும். அதனால் மையங்களில் கூட்டம் குறைவதே இல்லை, ஆள் தேவையும் குறைவதில்லை.

தன்னார்வலர் தோளில் கிளி உட்கார்ந்திருக்கிற படங்களை வைத்து விளம்பரம் செய்யும் இடத்தை முதலிலேயே தள்ளிவிடுங்கள். காட்டுக்குத் திரும்ப வேண்டிய பறவை மனிதனைக் கண்டால் பறந்து ஓட வேண்டும். தோளில் ஏறப் பழக்கிவிட்டால் வெளியே விட்ட மறுநாளே யாரோ ஒருவர் பிடித்துக் கூண்டில் போட்டுவிடுவார். காட்டு விலங்குகளைக் கையில் பிடித்துக்கொண்டு படம் எடுக்காதீர்கள் என்று 2019இல் கோஸ்டாரிகா அரசே பிரசாரம் நடத்தியது. நல்ல மையத்தில் உங்களைக் கிளியிடமிருந்து தள்ளியே வைப்பார்கள். சில கூண்டுகளின் அருகே பேசக்கூட விடமாட்டார்கள். கிளியைக் கொஞ்சத்தான் போகிறீர்கள் என்றால் பயணத்தை இங்கேயே நிறுத்திக்கொள்வது உத்தமம்.

கடிதம் எழுதும்போது கேட்க வேண்டியவை இவை. குறைந்தபட்சம் எத்தனை வாரம் இருக்க வேண்டும்? கட்டணத்தில் சாப்பாடு உண்டா, வாரம் முழுக்கவா, வேலை நாளுக்கு மட்டுமா? பறவைகளை விற்கிறார்களா? அரசின் வனவிலங்கு அனுமதி இருக்கிறதா? இதற்கு முன் இந்தியாவிலிருந்து யாராவது வந்திருக்கிறார்களா, அவர்கள் எந்த வகை விசாவில் வந்தார்கள்? கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். "பிரச்சினை இல்லை, எல்லோரும் சுற்றுலாவாகத்தான் வருகிறார்கள்" என்று பதில் வந்தால், எழுதியவர் இந்தியப் பாஸ்போர்ட்டை மனதில் வைத்து எழுதவில்லை என்று அர்த்தம். மறுபடி கேளுங்கள்.

இடைத்தரகு நிறுவனங்கள் வழியாகப் போனால் மையம் கேட்கும் தொகையைவிடப் பல மடங்கு கேட்பார்கள். அதில் எவ்வளவு மையத்துக்குப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். சுற்றி வளைத்துப் பதில் வந்தால் நேரடியாக மையத்துக்கே எழுதுங்கள்.

தாய்லாந்து பக்கமாயிற்றே, விசாவும் சுலபமாயிற்றே என்று சிலர் யோசிப்பார்கள். அங்கே சம்பளம் வாங்காத தன்னார்வ வேலைக்கும் பணி அனுமதி வேண்டும். சுற்றுலாவாகப் போய்க் கூண்டு கழுவினால் சட்டப்படி குற்றம்.

வீடியோவில் பேச அழைப்பார்கள். கோஸ்டாரிகா நம்மைவிடப் பதினொன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அவர்களுடைய காலை 8 மணி நமக்கு இரவு 7.30. தேதியோடு நேரத்தையும் இரண்டு நாட்டுக் கணக்கில் எழுதி அனுப்பிவிட்டால் குழப்பம் வராது.

2. பெயரையும் மாவட்டத்தையும் சரிசெய்வது

இதைச் சின்ன விஷயம் என்று தாண்டிவிடாதீர்கள். நம் ஊர் ஆட்களுக்குப் பெரும்பாலான சிக்கல் இங்கேதான் பிறக்கிறது.

நமக்கு இனிஷியல்தான் வழக்கம். ஆதாரில் "கு. செல்வி", வங்கிப் புத்தகத்தில் "செல்வி கு", மார்க் ஷீட்டில் "செல்வி குமரேசன்", பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. இங்கே யாரும் இதைக் கவனிக்க மாட்டார்கள். ஸ்பானிஷ் பேசும் பெரும்பாலான நாடுகளில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர் உண்டு, அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. அவர்கள் படிவத்தில் அதற்கு இரண்டு கட்டம் இருக்கும். ஒன்றைக்கூட நிரப்ப முடியாமல் உட்கார்ந்திருப்பீர்கள். விமான டிக்கெட் போடும் தளமும் குடும்பப் பெயர் இல்லாமல் நகராது. ஒரு நிறுவனம் இருக்கிற பெயரையே இரண்டு முறை போடச் சொல்லும், இன்னொன்று வேறு மாதிரி சொல்லும்.

பாஸ்போர்ட் இனிமேல்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால் அப்பா பெயரை விரித்துக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே காலியாக இருந்தால் மறுபதிப்புக்கு விண்ணப்பித்து மாற்றலாம். அதற்கு நேரம் இல்லையென்றால், எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்து மாறாமல் எழுதுங்கள். மையத்தின் கடிதம், வங்கிக் கணக்கு அறிக்கை, காப்பீடு, தடுப்பூசிச் சான்று எல்லாம் ஒரே பெயரில் இருக்க வேண்டும்.

அடுத்தது மாவட்டம். 2019இல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ஆட்கள் ராணிப்பேட்டைக்குப் போனார்கள். ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூருக்குப் போயிற்று. ஆனால் பலருடைய ஆதாரில் இன்னும் வேலூர் மாவட்டம்தான். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ஒரு மாவட்டம், ஆவணத்தில் இன்னொன்று என்றால் போலீஸ் விசாரணைக் கடிதம் தவறான இடத்துக்குப் போய்க் கிடக்கும். இ-சேவை மையத்திலோ ஆதார் மையத்திலோ முகவரியை முதலில் புதுப்பித்துவிடுங்கள். 1989க்கும் 1996க்கும் இடையே பிறந்தவர்களின் பிறப்புச் சான்றில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று இருக்கும். அது தவறில்லை, மாற்ற வேண்டியதும் இல்லை. வெளிநாட்டு அதிகாரி கேட்டால் பழைய பெயர் என்று ஒரு வரி விளக்கம் போதும்.

பாஸ்போர்ட்டுக்காகச் சென்னை ஓட வேண்டாம், வேலூர்த் தலைமை அஞ்சலகத்திலேயே சேவை மையம் உண்டு. 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் மேலும் 2,000. விசாரணைக்கு வரும் காவலர் ஃபோனில் கூப்பிடுவார். தெரியாத எண் என்று எடுக்காமல் விட்டுவிடாதீர்கள்.

3. அழைப்புக் கடிதம்

மையம் உங்களை ஏற்றுக்கொண்டதும் ஒரு கடிதம் அனுப்பும். வழக்கமாக வருவது இரண்டு வரி வாழ்த்துக் கடிதமாக இருக்கும். விசாவுக்கு அது உதவாது. உங்கள் முழுப்பெயர், பாஸ்போர்ட் எண், வரும் தேதி, போகும் தேதி, செய்யும் வேலை, சம்பளம் கிடையாது என்ற வாசகம், தங்குமிட முகவரி, மையத்தின் பதிவு எண், பொறுப்பாளர் கையெழுத்து இத்தனையும் இருக்க வேண்டும். ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் கேட்டு வாங்குங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், மாதிரிக் கடிதத்தை நீங்களே எழுதி அனுப்பினால் கையெழுத்துப் போட்டுத் தருகிறவர்களும் உண்டு.

அங்கே முகவரி என்பதே "பள்ளிக்கூடத்திலிருந்து 200 மீட்டர் வடக்கே" என்கிற மாதிரிதான் இருக்கும். அது விளையாட்டில்லை, உண்மையான முகவரியே அதுதான். அப்படியே படிவத்தில் எழுதலாம்.

4. விசாவும் வழியும்

இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். இந்தியாவிலிருந்து கோஸ்டாரிகாவுக்கு நேர் விமானம் கிடையாது. எந்த நாட்டில் இறங்கி மாறுகிறீர்களோ அந்த நாட்டின் விதியும் உங்களைப் பிடிக்கும்.

இந்தியர்களுக்குக் கோஸ்டாரிகா விசா தேவை. தூதரகம் புது தில்லியில் இருக்கிறது. செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருப்பவர்கள் கோஸ்டாரிகா விசா இல்லாமலே நுழையலாம். ஆனால் விசாவின் வகை, எத்தனை முறை நுழையலாம் என்பது, மீதி இருக்கும் காலம் பற்றி நிபந்தனைகள் உண்டு. அந்த நிபந்தனைகள் அவ்வப்போது மாறுவதால், தூதரகத்தின் அன்றைய அறிவிப்பைப் படித்துவிட்டே முடிவு செய்யுங்கள். டிராவல்ஸ்காரர் சொன்னார் என்று போகாதீர்கள். பல டிராவல்ஸ்காரர்களுக்கு துபாய், சிங்கப்பூர், மலேசியா தாண்டி அனுபவம் இருக்காது.

அமெரிக்கா வழியாக டிக்கெட் மலிவாகத் தெரியும். அங்கே விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் மாறுவது என்ற பேச்சே இல்லை. மாறுவதற்கும் அமெரிக்க விசா வேண்டும். ஏற்கெனவே விசா இருக்கிறவர்களுக்கு இது நல்ல வழி. இதற்காகவே புதிதாக எடுக்க நினைத்தால் விண்ணப்பக் கட்டணம் மட்டும் 185 டாலர். மறுத்தாலும் அந்தப் பணம் திரும்ப வராது. நேர்காணல் தேதிக்கு எத்தனை மாதம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதை முதலில் பாருங்கள். மறுக்கப்பட்டால் பிறகு வேறு நாட்டு விசாப் படிவங்களில் அதைச் சொல்லியாக வேண்டும். படித்து முடித்து வேலை இல்லாமல் இருக்கும் பிள்ளைகள் இதை யோசித்துச் செய்வது நல்லது.

ஐரோப்பா வழியாக என்றால் பிராங்பர்ட், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், மாட்ரிட் போன்ற நகரங்களில் மாறலாம். விமான நிலையத்துக்குள் மாறுவதற்கும் விசா வேண்டுமா என்பதில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு விதி. அந்த நாட்டுத் தூதரகத் தளத்தில் பாருங்கள். முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும். காசு மிச்சம் என்று இரண்டு தனி டிக்கெட்டாக வாங்கினால், நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்கக் குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே வர வேண்டியிருக்கும். அதற்கு முழு ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா வேண்டும். சென்னையில் செக்-இன் மேசையிலேயே நிறுத்திவிடுவார்கள்.

தில்லிக்கு நேரில் போக வேண்டி வந்தால், காட்பாடியிலிருந்தே ஏற கேரளா எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ஆனால் தூதரகத்துக்கு முதலில் மின்னஞ்சல் அனுப்பி, நேரம் குறித்துக்கொண்டு, ஆவணப் பட்டியலை எழுத்தில் வாங்கிய பிறகே ரயிலுக்கு முன்பதிவு செய்யுங்கள். ஒரு தாள் குறைந்தால் அவ்வளவு தூரமும் வீண்.

வழக்கமாகக் கேட்பவை: அழைப்புக் கடிதம், ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு, வேலை செய்கிற இடத்திலிருந்தோ கல்லூரியிலிருந்தோ விடுப்புக் கடிதம், திரும்பி வரும் பயணத்தின் முன்பதிவு, மருத்துவக் காப்பீடு. முன்பதிவு என்றால் பணம் கட்டாத, ரத்து செய்யக்கூடிய முன்பதிவு. விசா கையில் வருவதற்கு முன் முழுப் பணம் கட்டிய டிக்கெட் வாங்காதீர்கள். சுற்றுலாப் பயணி மாதத்துக்குக் குறைந்தது 100 டாலர் கையிருப்பு காட்ட வேண்டும் என்பது கோஸ்டாரிகா விதி. விசா அதிகாரி அதைவிட நிறையவே எதிர்பார்ப்பார். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் மாமாவிடம் கடன் வாங்கிக் கணக்கில் போட்டால், பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

போகும் காரணத்தை மறைக்காதீர்கள். தன்னார்வ வேலைக்குப் போகிறேன் என்று எழுதுங்கள், சம்பளம் இல்லை என்றும் எழுதுங்கள். சுற்றுலா என்று எழுதிவிட்டுப் பெட்டியில் அழைப்புக் கடிதத்தோடு மாட்டிக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

டிக்கெட் எடுக்கும்போது ஊர்க் குறியீட்டைப் பாருங்கள். சான் ஹோசே என்ற பெயரில் கலிபோர்னியாவில் ஒரு விமான நிலையம் உண்டு. உங்களுக்கு வேண்டியது எஸ்ஜேஓ.

5. போலீஸ் சான்றும் அப்போஸ்டிலும்

பல மையங்கள் குற்றப் பின்னணி இல்லை என்ற சான்று கேட்கும். பாஸ்போர்ட் சேவைத் தளத்திலேயே 500 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். எந்த நாட்டுக்கு என்று கேட்கும், கோஸ்டாரிகா என்று சரியாகக் குறிப்பிடுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் பழையதாகிவிட்டால் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள், அதனால் ரொம்ப முன்கூட்டி எடுக்க வேண்டாம்.

அப்போஸ்டில் முத்திரை (நம் ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குச் சான்று சொல்லும் முத்திரை) வேண்டுமா என்று மையத்தையும் தூதரகத்தையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தேவையே இல்லாமல் செய்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியுறவு அமைச்சகத்தின் கட்டணம் தாளுக்கு 50 ரூபாய், அதோடு சேவைக் கட்டணம் கொஞ்சம். ஏஜென்ட் ஆயிரக்கணக்கில் கேட்டால் மீதி அவருடைய ஓட்டத்துக்கான கூலி. ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு தேவையென்றால் முத்திரை விழுந்த பிறகு செய்யுங்கள், முத்திரையும் சேர்ந்து மொழிபெயர வேண்டும்.

6. தடுப்பூசி, உடம்பு

சிஎம்சி ஊரிலேயே இருப்பது நமக்குப் பெரிய வசதி. ஆனால் வடகிழக்கிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்களோடு நாமும் வரிசையில்தான் நிற்க வேண்டும். ஒரு முழு நாளை ஒதுக்கிவிடுங்கள். டெட்டனஸ், டைபாய்டு, ஹெபடைட்டிஸ் பி, வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே போடும் ஊசி ஆகியவற்றைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஹெபடைட்டிஸ் பி மூன்று தவணை, முழுதாக முடிய ஆறு மாதம் ஆகும். ஆறு மாதம் முன்னால் தொடங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி தனிக் கதை. கோஸ்டாரிகா மட்டும் போய் வந்தால் பொதுவாகத் தேவைப்படாது. ஆனால் பனாமா, கொலம்பியா என்று பக்கத்து நாட்டையும் எட்டிப் பார்க்கும் எண்ணம் இருந்தாலோ, அந்த வழியாக டிக்கெட் இருந்தாலோ ஊசி போட்டுக்கொண்டு, அதற்குச் சான்றான மஞ்சள் புத்தகத்தோடு போங்கள். சான்று இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து திரும்பினால் இந்தியாவில் 6 நாள் வரை தனிமையில் வைக்கலாம். கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். போட்ட 10 நாள் கழித்தே சான்று செல்லும், பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த வேலை நல்லதில்லை. கிளிகளின் இறகிலிருந்து உதிரும் தூள் நெஞ்சை அடைக்கும்.

7. வீட்டுக் கோழி

இதை யாரும் சொல்ல மாட்டார்கள். வருவதற்கு முன் இத்தனை நாள் பறவைகளோடு தொடர்பு இருக்கக் கூடாது என்று பல மையங்கள் கேட்கும். அவர்கள் நினைப்பது வளர்ப்புக் கிளியை. நம் ஊரில் வாசலிலேயே நாட்டுக்கோழி மேயும். வெள்ளைக் கழிச்சல் வந்தால் தெருவே காலியாகும் என்பது நமக்குத் தெரியும். அதே நோய்க் கிருமி கிளிகளையும் தாக்கும். செருப்பிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு போகும். வீட்டில் கோழி இருந்தால் மையத்துக்கு உண்மையைச் சொல்லுங்கள். கடைசி இரண்டு வாரம் கோழிக்கூடு பக்கம் போகாமல் இருங்கள். அங்கே போடப் போகும் துணியையும் பூட்ஸையும் புதிதாகவே வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். பறவைச் சந்தை, கறிக்கடை, கிளி ஜோசியம் எல்லாம் அந்த இரண்டு வாரத்துக்கு வேண்டாம்.

வீட்டில் பச்சைக்கிளி வளர்க்கிறேன், எனக்கு அனுபவம் உண்டு என்று விண்ணப்பத்தில் எழுதிவிடாதீர்கள். நம் நாட்டில் பச்சைக்கிளி வளர்ப்பதே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அனுபவம் காட்ட வேண்டுமென்றால் கால்நடை மருத்துவமனையிலோ விலங்குக் காப்பகத்திலோ சில வாரம் உதவி செய்துவிட்டு, டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள்.

8. பணம்

மையத்துக்குக் கட்டுவது பெரும்பாலும் வாரத்துக்குச் சில நூறு டாலர், தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்து. போக வர டிக்கெட் ஒரு லட்சத்துக்குள் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஒரு மாதத்துக்குப் போகிறவர் மொத்தமாக 3 லட்சம் ரூபாய்க்குக் குறைவாகத் திட்டம் போட வேண்டாம் என்பேன்.

முன்பணத்தை வங்கி வழியாக அனுப்பும்போது ஏ2 படிவம் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான விண்ணப்பம்) கேட்பார்கள். வேலூரின் எல்லாக் கிளைகளிலும் இது அன்றாட வேலையில்லை, வெளிநாட்டுப் பரிவர்த்தனை பார்க்கும் கிளை எது என்று கேட்டுப் போனால் அரை நாள் மிச்சம். அனுப்பும் வழியில் இடை வங்கி கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், மையத்துக்குப் போய்ச் சேரும் தொகை குறையும். செலவு முழுவதும் அனுப்புகிறவருக்கு என்று குறிக்கச் சொல்லுங்கள். வருஷத்துக்கு 10 லட்சம் வரை இப்படி அனுப்பும் பணத்துக்கு டிசிஎஸ் என்று வங்கி முன்கூட்டிப் பிடிக்கும் வரி இல்லை. டிராவல்ஸ்காரர் டூர் பேக்கேஜ் என்று பில் போட்டால் கணக்கு வேறு மாதிரி ஆகிவிடும்.

கையில் சின்ன நோட்டாகக் கொஞ்சம் டாலர் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப்பக்கக் கடைகளில் அந்த நாட்டு நாணயமான கொலோன்தான் ஓடும், ஆனால் டாலரும் வாங்குவார்கள். 100 டாலர் நோட்டை நீட்டினால் சில்லறை இல்லை என்பார்கள்.

9. எப்போது போவது, என்ன எடுப்பது

பசிபிக் பக்கம் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வெயில், மே முதல் நவம்பர் வரை மழை. கரீபியன் பக்கம் இந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே வருஷம் முழுக்கவே மழை உண்டு. வெயில் காலத்தில்தான் சிவப்புப் பஞ்சவர்ணக்கிளிகள் கூடு வைக்கும், மையங்களில் வேலையும் அதிகம், டிக்கெட்டும் விலை அதிகம். நம் கல்லூரி விடுமுறையோ மழை தொடங்கும் நேரத்தில் விழுகிறது. போகலாம், ஆனால் காயாத துணியோடு வாழப் பழகிக்கொள்ளுங்கள்.

முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் கட்டாயம். அங்கே விஷப்பாம்பு உண்டு. முழுக்கைச் சட்டை, கொசு மருந்து, என்95 முகக்கவசம், தலையில் மாட்டும் டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் 120 வோல்ட், பிளக் தட்டைக் கம்பி. ஃபோன் சார்ஜர் ஓர் அடாப்டரோடு வேலை செய்யும். இங்கே வாங்கிய கெட்டிலும் வாட்டர் ஹீட்டரும் அங்கே சரியாகச் சூடாகாது.

பெண்களுக்கு ஒரு வார்த்தை: கம்மல், மூக்குத்தி, வளையல் எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மினுக்குகிற எதையும் கிளி விடாது, காதோடு சேர்த்து இழுக்கும். கொட்டை உடைக்கிற அலகு அது. தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் கழுத்து மூடிய சட்டைக்குள் ஊக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் பாக்கெட் எடுத்துப் போகலாம். விதை, பழம், பால் பொருள், கருவாடு வேண்டாம், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். சோறும் கறுப்பு பீன்ஸும் சேர்த்துப் பிரட்டின காயோ பின்ட்டோதான் அங்கே காலைச் சாப்பாடே, சைவக்காரர்கள் பிழைத்துக்கொள்ளலாம்.

சென்னை விமான நிலையத்துக்குக் காட்பாடியில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோவில் நேராகப் போய்விடலாம். மாறவே வேண்டியதில்லை.

10. அங்கே வேலை

விடியும் முன் எழுந்து பாத்திரம் கழுவுவதில் தொடங்கும். பப்பாளி, வாழை, காய்கறி நறுக்குவது, தட்டு வைப்பது, கூண்டு கழுவுவது, கிளை வெட்டி வந்து கட்டுவது, கம்பி வலையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது, மத்தியானம் மறுபடி பாத்திரம்.

நம் கை துடைப்பத்தை எடுத்தவுடன் பெருக்கும். அங்கே அதற்குத் தடை. காய்ந்த எச்சத்தைப் பெருக்கினால் எழும் தூசியில் கிளிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், மூச்சில் போனால் நிமோனியா வரை இழுத்துவிடும். முதலில் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, அப்புறம்தான் சுரண்டிக் கழுவ வேண்டும், முகக்கவசத்தோடு. ஒவ்வொரு கூண்டுக்கும் நுழையும்போது பூட்ஸை மருந்துத் தண்ணீரில் முக்க வேண்டும். அவசரத்தில் தாண்டிக் குதிக்கிறவரை இரண்டாம் முறை மன்னிக்க மாட்டார்கள்.

சமையலறையில் அவகாடோ கிளிக்கு விஷம். அங்கே மனிதர்கள் அதைத் தினமும் தின்பார்கள், அதனால் கத்தியும் பலகையும் தனித்தனி. டெஃப்லான் பூசிய தவா அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகையே பறவையைக் கொன்றுவிடும், அப்படிப்பட்ட தவாவைக் கூண்டுப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. மிளகாயை மட்டும் தாராளமாகக் கொடுக்கலாம். பறவைகளுக்குக் காரம் உறைக்காது.

பசிபிக் கரையோரம் போனால் மேலே பாருங்கள். நம் தெருக்களிலும் பள்ளிக்கூட வாசலிலும் நிற்கிற அதே நாட்டு வாதுமை மரம் அங்கே கடற்கரை நெடுகிலும் நிற்கும். சிவப்புப் பஞ்சவர்ணக்கிளிகள் அதில்தான் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு இன்னொரு காலால் காயைப் பிடித்து, சதையைக் கடித்துத் துப்பி, நாம் கல்லால் அடித்து உடைக்கிற கொட்டையை அலகாலேயே பிளந்து, உள்ளே இருக்கும் குச்சி மாதிரிப் பருப்பை மட்டும் எடுக்கும். கீழே நின்றால் தலையில் ஓடு கொட்டும்.

அடிப்படை ஸ்பானிஷ் கற்றுக்கொண்டு போங்கள். மற்ற தன்னார்வலர்கள் ஆங்கிலம் பேசுவார்கள். ஆனால் கூண்டு கட்டுகிற, மரம் ஏறுகிற உள்ளூர் ஆட்கள் பேச மாட்டார்கள். வேலை தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

11. திரும்பி வருவது

கீழே கிடக்கும் சிவப்பு இறகு ஒன்றை நோட்டுப் புத்தகத்தில் வைத்துக்கொண்டு வரத் தோன்றும். வேண்டாம். இரண்டு பஞ்சவர்ணக்கிளி இனங்களும் சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ளவை. உதிர்ந்த இறகானாலும் அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது.

பூட்ஸை அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள், அடுத்து வருகிறவருக்கு ஆகும். வந்த பிறகும் கொஞ்ச நாள் வீட்டுக் கோழிப் பக்கம் போகாதீர்கள், இந்த முறை கோழிகளின் நன்மைக்காக.

ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் வறட்டு இருமலும் தலைவலியும் வந்தால் டெங்கு என்று வீட்டிலேயே முடிவுகட்டாமல் டாக்டரைப் பாருங்கள். கிளிகளோடு வேலை செய்துவிட்டு வந்திருக்கிறேன் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நம் ஊரில் எந்த டாக்டரும் தானாக அதைக் கேட்க மாட்டார். சரியான மருந்து தொடங்கினால் கிளிக்காய்ச்சல் சீக்கிரமே அடங்கிவிடும்.